புளியங்காய் மாலை

யாருமே போட்டுக்கொள்ளாத நகை நகைதானா? கழுத்தில் ஏறாத ஒன்றை மாலை என்று எந்த உரிமையில் சொல்வது? சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் சூப்பர்வைசராக இருந்த ஆசீர் இந்த மாதிரிக் கேள்விகளைத் தேடிப் போகிற ஆள் இல்லை. கேள்விதான் அவரைத் தேடி வந்து, அவர் வீட்டுக் கொல்லையில், குளியலறையை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் இருபது வருஷமாகக் குடியிருந்தது. அதைக் குடிவைத்தவள் அவர் மனைவி லீனா.

லீனா செம்பிலும் பித்தளையிலும் நகை செய்தாள். பத்தர் வீட்டில் பிறந்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் வேலூரில் ஒரு பல் டாக்டரிடம் ஐந்து வருஷம் வேலை பார்த்தாள். கட்டுப்பல் செய்கிற பின்னறையில் கம்பி வளைக்கவும், பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கவும், மெருகு ஏற்றவும் அவள் கை பழகிற்று. அது வாய்க்குள்ளே போய் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட வேண்டிய வேலை. நன்றாகச் செய்திருந்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதில் பழகியவளுக்குக் காதுக்கும் கழுத்துக்கும் செய்ய ஏன் ஆசை வந்தது என்பதற்கு ஆசீர் ஒரு காரணம் வைத்திருந்தார். பொழுது போகவில்லை, அவ்வளவுதான். நெடுநாள் வரைக்கும் அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது.

தவலை விஷயத்தில்தான் அது போதாமல் போனது. ஆசீரின் அம்மா தன் காலத்துக்குப் பிறகு மகன் வீட்டுக்கு என்று விட்டுப்போன வெந்நீர்த் தவலை, நல்ல கனத்த செம்பு. ஒருநாள் ஆலையிலிருந்து வந்து குளிக்கப் போனவர், அடுப்பின் மேல் அலுமினியக் குண்டான் ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"தவலை எங்க?"

"அடி ஓட்டையாப் பூட்ச்சிங்க."

"ஓட்டைன்னா அடைக்கிறவங்கிட்டக் குடுக்கறதுதானே?"

"மேல்பாதி நல்லா இருந்திச்சி. அதான்…"

ஆசீர் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். தவலையின் மேல்பாதி தகடு தகடாக வெட்டப்பட்டுச் சாக்கின் மேல் வரிசையாகக் கிடந்தது. ஒரு தகட்டில் ஏற்கெனவே எருக்கம்பூ ஒன்று பாதி எழுந்து நின்றது. அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆசீர் அந்தத் தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்ட வேண்டும் போலிருந்தது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"எங்கம்மா தவலைமே இது."

"தெரியுங்க. இந்த மாதிரி செம்பு இப்ப வர்றதில்ல."

அது மன்னிப்பா, பாராட்டா, வெறும் தகவலா என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

செம்போடு போயிருந்தாலும் பரவாயில்லை. நெருப்பில் காட்டிப் பற்றவைத்த செம்பு கருத்துப்போகும். அந்தக் கருப்பை எடுக்க நகைக் கடைக்காரர்கள் அமிலம் வைத்திருப்பார்கள், லீனா புளி வைத்துத் தேய்த்தாள். மாசத்துக்கு வாங்கின புளியில் பாதி கொட்டகைக்குப் போயிற்று. "ரசத்துல தண்ணி நீந்துது" என்று ஆசீர் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்லாத நாள் குறைவு. "காதுல போடறதுக்குப் புளிக்கொழம்பு, வாயில போடறதுக்குப் பச்சத்தண்ணி. நல்ல குடும்பம்."

இதையெல்லாம்கூட ஒரு மனிதன் பொறுத்துக்கொள்ளலாம். அவரால் பொறுக்க முடியாதது வேறொன்று. லீனா ஒரு பொருளை இரண்டாம் தடவை செய்ய மாட்டாள். ஒரு ஜோடித் தோடு என்றால்கூட வலது ஒரு மாதிரியும் இடது ஒரு மாதிரியுமாக இருக்கும். பார்த்தவுடனே தெரியாது. உற்றுப் பார்த்தால் ஒன்றில் இலை சற்று மடங்கியிருக்கும், மற்றதில் விரிந்திருக்கும். ஆசீர் வேலை செய்த இடத்திலோ ஒரு டின்னுக்கும் இன்னொரு டின்னுக்கும் நிறத்தில் ஒரு நூல் வித்தியாசம் வந்தால் வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரே திரும்பி வந்துவிடும். தோத்தாபுரி மாம்பழம் லட்சக்கணக்கில் வந்து விழும், ஒவ்வொன்றும் தன் போக்கில் கோணலாக. உள்ளே போய் வெளியே வரும்போது எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே இனிப்பு. அந்த ஒரேமாதிரியை வாங்கத்தான் தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு எங்கெங்கிருந்தோ ஆட்கள் சித்தூருக்கு வந்தார்கள். ஆசீருக்கு அதில் ஒரு பெருமை உண்டு. கோணலைக் கோணலாகவே விட்டுவைப்பது சோம்பேறித்தனம் என்பது அவருடைய எண்ணம். ஆனால் லீனா சோம்பேறி இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். அந்த இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்கும்போதுதான் எரிச்சல் வரும்.

ஞாயிற்றுக்கிழமை போகும் சர்ச் சபையில் பெண்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான். "இது எத்தினி சவரன் லீனா?" செம்பு என்றதும் கை பின்வாங்கிக்கொள்ளும். மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற கிரேஸ் டீச்சர், இரண்டு பிள்ளைகளையும் அமெரிக்காவுக்கு அனுப்பியவர், அக்கறையோடு சொல்வார்: "கைவேலை அருமையா இருக்கும்மா. ஆனா கழுத்து பச்சயாப் பூடும். இதையே தங்கத்துல செய்யேன்?" தங்கத்துக்கு எங்கே போவது என்பது ஒரு பக்கம். தங்கத்தில் செய்தால் எடை போடுவார்கள், செய்கூலி கேட்பார்கள், சேதாரம் என்று முகத்தைச் சுளிப்பார்கள், பெண்ணின் கல்யாணத்துக்கு அழிப்பார்கள். இதை லீனா ஒருமுறை ஆசீரிடம் சொன்னாள். "செம்புன்னா அதயெல்லாம் செய்ய முடியாது. பாக்கத்தான் முடியும்." ஆசீர் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "யாரும் பாக்கலியே" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

*

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்குப் போயிருந்த மகள் ரூபா, வீட்டுக்கு டெலிபோன் வைத்துக் கொடுத்தாள். மகள் போன பிறகு வெறிச்சோடிய வீட்டில் லீனா கொட்டகையிலேயே கிடந்தாள். ஜனவரியில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரைக்கும் ஒரே ஒரு பொருளைத்தான் செய்தாள். செம்பில் ஒரு புளியங்காய் மாலை.

பதினேழு காய்கள். ஒவ்வொரு காயும் இரண்டு பாதியாகச் செய்து ஒட்டியது, உள்ளே வெற்றிடம். தகட்டை அரக்கின் மேல் அமுக்கி வைத்துப் பின்னாலிருந்து தட்டித் தட்டி, கொட்டை இருக்கும் இடமெல்லாம் புடைக்கச் செய்திருந்தாள். ஒன்றில் மூன்று புடைப்பு, ஒன்றில் ஐந்து, ஒன்று பிஞ்சு, ஒன்று கொட்டை விழாமல் நடுவில் சூம்பிப்போனது. பதினேழில் நாலைந்து சரியாக வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒட்டின கோடு தெரிந்தது, ஒன்றிரண்டு தட்டுக் கூடிப்போயிருந்தது. மற்றவற்றில் குறை சொல்லக் கஷ்டப்பட வேண்டும். கையில் எடுத்தால் காய்கள் ஒன்றோடொன்று பட்டு, முற்றின புளி மரத்தில் காற்றடித்த மாதிரி ஓர் ஓசை வந்தது. அந்த ஓசையை அவள் வேண்டுமென்றே செய்தாளா, தானாக வந்ததா என்பதை யாரும் கேட்கவில்லை.

ஆசீர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். ஆலை வேலையாகத் திருப்பதிக்குப் போனபோது லீனாவின் தோடு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், தாமோதரன் என்பவரிடம் காட்டினார். தாமோதரன் கவரிங் நகை வியாபாரி. மலைக்கு வரும் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகப் பெருக அவர் கடையும் ஒன்றிலிருந்து மூன்றாகியிருந்தது. ஊருக்கு வெளியே சின்னப் பட்டறை ஒன்றும் வைத்து, அச்சில் அடித்து முலாம் பூசி, குவைத் வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். தோட்டை விரலிடுக்கில் பிடித்துப் பார்த்தவர், "பெருசா ஏதாவது பண்ணிருக்காங்களா சாரு? இருந்தா வந்து பாக்கறேன்" என்றார். ஆசீருக்கு இருபது வருஷத்தில் முதல்முறையாகக் கொட்டகைக்கு ஒரு அர்த்தம் கிடைத்தாற்போல இருந்தது. புளியங்காய் மாலையைப் பற்றிச் சொல்லி, வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது லீனா மாலையை ஒரு பழைய தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இத அறுப்புப் பண்டிகைக்குக் குடுக்கப் போறேங்க" என்றாள்.

அறுப்புப் பண்டிகையில் சபைக் குடும்பத்தார் அந்த வருஷத்து விளைச்சலில் ஒன்றைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். பூசணி, வாழைத்தார், சேவல், நெல், ஒன்றும் விளையாத வீடென்றால் ஒரு கேக். ஆராதனை முடிந்ததும் மைதானத்தில் ஏலம். ஆசீர் வருஷா வருஷம் ஒரு பெட்டி மாம்பழக்கூழ் டின் கொடுப்பது வழக்கம்.

"பைத்தியமா உனக்கு? திருப்பதிலேர்ந்து ஆள் வர்றான், பாக்கணும்ன்றான்."

"வரட்டும். அங்கயே வந்து பாக்கட்டும்."

"ஏலத்துல வந்து எவன் பாப்பான்? பூசணிக்காயும் கோழியும் கிடக்கிற எடத்துல?"

"இதான் இந்த வருஷத்து வெள்ளாம. இதத்தான் குடுக்கணும்."

"மாம்பழக்கூழ் இருக்குதே!"

"அது உங்க ஆலையுது."

ஆசீர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். லீனா தலையணை உறையின் வாயைக் கட்டிவிட்டு, அவர் எதிரே வந்து நின்றாள். இருபது வருஷத்தில் அவள் அவரிடம் ஏதாவது கேட்டதுண்டு என்றால் அது இதுதான்.

"யாராவது ஒருத்தர் இத வாங்கி வீட்டுக்கு எடுத்துக்கினு போவணும். யார் கழுத்துக்குப் போவுதுன்னு பாக்கணும் எனக்கு. அவ்ளோதாங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"சரி" என்றார் ஆசீர். தாமோதரனுக்குப் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் கோயில் மைதானத்துக்கே வந்துவிடும்படி சொன்னார்.

*

ஏலம் விடுகிறவர் பாலையா. அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். மைக் தேவைப்படாத குரல். மேஜை மேல் ஏறி நின்று, "உள்ள போ, உள்ள போ, எடம் கிடக்குது! இருநூறுல நிக்கிறாரு நம்ம டேவிட்டு, அவர் பக்கத்துல யார் உக்காறீங்க?" என்று அவர் ஆரம்பித்தால் கஞ்சனும் கையைத் தூக்குவான்.

அந்த ஏலத்துக்கு ஒரு முறை உண்டு. எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், தப்பில்லை. ஆனால் மனசும் வசதியும் இருப்பவர்கள் பணத்தைக் கட்டிவிட்டு, "திரும்ப விடுங்க" என்று பொருளைப் பாலையா கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அது மறுபடி முதலிலிருந்து ஏலத்துக்கு வரும். எத்தனை முறை திரும்பி வருகிறதோ அத்தனை மரியாதை, பொருளுக்கும் அதைக் கொடுத்த வீட்டுக்கும். ஒரு வருஷம் ஒரே ஓர் எலுமிச்சம்பழம் பதினோரு தடவை திரும்பி வந்ததை இன்னும் சொல்வார்கள். பிள்ளைகள் வெளிநாடு போக ஆரம்பித்த பிறகு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. இங்கே இல்லாத பிள்ளையின் பேரில், அந்த ஊரையும் சேர்த்துச் சொல்லிக் கேட்பது.

லீனாவின் மாலையைப் பாலையா உறையிலிருந்து உருவித் தூக்கிக் காட்டினார். காய்கள் சலசலத்தன. 

"இன்னாது இது, புளியங்காயா?" என்றாள் ஒருத்தி.

"மாசமா இருக்கறவளுக்குப் போடுங்கடி. வாயி ஊறாம இருக்கும்."

"கடிச்சா பல்லு பூடும். பல்லுக்கட்டவும் லீனா அக்காவே இருக்குது!"

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. லீனாவும் சிரித்தாள். அவள் மூன்றாவது வரிசையில், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைவேல! எட்டு மாசக் கைவேல! நம்ம லீனா அம்மா குடுத்தது!" என்றார் பாலையா. "யார் ஏறுறீங்க?"

கிரேஸ் டீச்சர்தான் முதலில் எடுத்தார். "எங்க சாம் பேர்ல, நியூஜெர்சி." நல்ல தொகை. மாலை அவர் கைக்குப் போனது. லீனா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். கிரேஸ் டீச்சர் காய்களை ஒருமுறை தடவிப் பார்த்தார், லீனாவைப் பார்த்து அன்போடு தலையசைத்தார். பிறகு "திரும்ப விடுங்க" என்றார். கைதட்டல்.

அடுத்து குவைத். அதற்கடுத்து துபாய். பிறகு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் ஒரு மருமகன். ஒவ்வொருவரும் முன்னவரை மிஞ்சினார்கள், ஒவ்வொருவரும் திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்து, ஆறு, ஏழு. யாரும் அவளை அவமதிக்கவில்லை. உண்மையில் அந்தச் சபையில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை எதுவோ அதைத்தான் அன்று அவளுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு பொருளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதற்கு அது வேண்டாம் என்றும் ஓர் அர்த்தம் உண்டு. எலுமிச்சம்பழத்துக்கு அது புரியப் போவதில்லை.

"ஆசீரு, உங்க வீட்டுக் காய்க்கு இன்னா மவுசுப்பா!" என்று யாரோ முதுகில் தட்டினார்கள். பாஸ்டர் ஐயா திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். இருபது வருஷ ரசத்துக்கும் தவலைக்கும் சேர்த்து ஒரே நாளில் பதில் கிடைத்தது போல ஆசீருக்குத் தலை கிறுகிறுத்தது. மாம்பழக்கூழ் பெட்டிக்கு இந்த மாதிரி ஒருநாளும் நடந்ததில்லை. அவர் எழுந்து நின்றார்.

"ரூபா பேர்ல! மஸ்கட்!"

அதுவரை யாரும் சொல்லாத தொகையைச் சொன்னார். பாலையா மூன்று முறை கூவி, மாலையைக் கொண்டுவந்து ஆசீரின் கையிலேயே வைத்தார். அவர் அதை முழுசாகக் கையில் வாங்கியது அன்றுதான் முதல் தடவை. நினைத்ததைவிட லேசாக இருந்தது. எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். இப்படிப் பார்த்தால் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று அந்தச் சபையில் பிறந்து வளர்ந்த ஒருவர் யோசிக்கத் தேவையில்லை.

"திரும்ப விடுங்க" என்றார் ஆசீர்.

மைதானமே கைதட்டியது. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். தட்டுகிற கைகளுக்கு நடுவே லீனா கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. பாலையா கையில் மறுபடியும் தொங்கிக்கொண்டிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரரே திருப்பிவிட்ட பிறகு அதற்கு மேல் போக யாருக்கும் தோன்றவில்லை. ஒன்பதாம் தடவை பாலையா கூவியபோது மைதானம் சேவல் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. வாசல் பக்கம் நின்றிருந்த தாமோதரன் அப்போதுதான் கையைத் தூக்கினார். ஒரு சின்னத் தொகை. போட்டிக்கு ஆள் இல்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தார், மாலையை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றினார், தோள்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

பாலையா நீட்டிய கையை மடக்காமலே நின்றார்.

"சாரு… திரும்ப விடலாங்களா?"

"எந்துக்கு? காசு குடுத்துட்டேனே!"

ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "எடுத்துக்கினாராமா?" "வீட்டுக்கா?" கிரேஸ் டீச்சர் பாஸ்டரைப் பார்த்தார், பாஸ்டர் சேவலைப் பார்த்தார். அந்த மைதானத்தில் முகம் மலர்ந்தது லீனாவுக்கு மட்டும்தான். எழுந்து நேராகத் தாமோதரனிடம் போனாள்.

"வீட்டுல யாருக்குங்க?" என்று கேட்டாள்.

"வீட்டுலயா?" தாமோதரன் சிரித்தார். "இல்லம்மா. மாடலுக்கு."

*

வீட்டில் காப்பி கொடுத்தார்கள். தாமோதரன் கெட்ட மனிதர் இல்லை. வந்த காரியத்தை ஒளிக்காமல் பேசினார். மாலையை மேஜை மேல் விரித்து, பதினேழு காய்களையும் விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, கடைசியில் ஒன்றைத் தொட்டார். ஐந்து புடைப்பு, இரண்டு பக்கமும் ஒரே அளவு.

"இதி. இதுக்கு அச்சு வெட்டிடுவேன். ஒகட்டி சாலம்மா, ஒண்ணு போதும்."

"மத்த பதினாறு?" என்றாள் லீனா.

"அது எதுக்கு?"

அவர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.  ஆசீர் அவசரமாகப் பலகாரத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"புளியங்காய்னு சொன்னா விக்காது" என்று தாமோதரன் தொடர்ந்தார். "மாங்காய் மாலைன்னு சொல்லிருவோம். தங்க முலாம் குடுத்தா அப்டியே மாங்காதான். அம்மா, நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மாசத்துக்கு ஒரு டிசைன் குடுங்க எனக்கு. ஒரே ஒரு பீஸ். மாசச் சம்பளம் போட்டுடறேன். நீங்க எங்கயும் வர வேணாம், வீட்டுலயே உக்காந்து பண்ணுங்க. டிசைன் பண்ற மூளைதான் கெடைக்கறதில்ல. மத்ததுக்கெல்லாம் மிஷின் இருக்குது." கொஞ்சம் நிறுத்தி, தன் கஷ்டத்தையும் சொல்லிக்கொண்டார். "ஓரம் அராவறதுக்குத்தான் ஆள் நிக்க மாட்டேங்குது. அச்சுல அடிச்சா ஓரமெல்லாம் பிசிர் நிக்கும். அரத்தால ஒண்ணொண்ணா எடுக்கணும். பொண்ணுங்க வருதுங்க, ஒரே மாசத்துல வெரல் போச்சுன்னு ஓடிடுதுங்க."

ஆசீருக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டியதில்லை. இரண்டாம் தடவை செய்யவே வேண்டாம்! ஒவ்வொரு மாசமும் புதுசாக ஒன்று. இவளுடைய கோணல் புத்திக்கென்றே யாரோ உண்டாக்கி வைத்த வேலை. தாமோதரனை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தவர் அதைத்தான் சொன்னார்.

"மாட்டேங்க" என்றாள் லீனா.

"ஏன்?"

"மாட்டேன்."

ஆசீருக்கு, மைதானத்தில் தான் செய்ததற்குப் பழிவாங்குகிறாளோ என்று தோன்றியது. "பழக்கதோஷத்துல வாயில வந்துட்ச்சி லீனா. வேணும்ன்ட்டா சொன்னேன்?" என்றார். "தெரியுங்க" என்றாள், அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் அவர் விடவில்லை. சாப்பிடும்போது பேசினார், ஜெபத்துக்கு முன்னாலும் பின்னாலும் பேசினார். கிரேஸ் டீச்சரை அழைத்து வந்து பேசவைத்தார். "சபைக்கே பேருதானேம்மா" என்று டீச்சரும் சொல்லிப் பார்த்தார். ரூபாவிடமிருந்து போன் வந்தபோது லீனா கொட்டகையில் இருந்தாள். "அம்மாவுக்கு இன்னா நைனா, பைத்தியமா புட்ச்சிகிது? இங்க இந்த மாதிரி வேலைக்கு எவ்ளோ பேர் ஏங்கறாங்க தெரியுமா?" என்று மகள் தூரத்திலிருந்து கத்தினாள். ஆசீர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு, "நீயே கேளு, நீயே கேளு" என்றார். லீனா வந்து வாங்கிக்கொண்டு, "சாப்டியாம்மா? ஏசி அறையில படுத்து சளி புடிச்சிக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாலாவது திங்கட்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் ஆசீர் எழுந்து வந்தபோது லீனா குளித்து, கஞ்சி போட்ட நூல்புடவை கட்டி, டிபன் டப்பாவில் தயிர்ச்சோறு அடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"திருப்பதிக்கு. தாமோதரன் சார்கிட்ட."

ஆசீருக்கு உடம்பெல்லாம் லேசானது. கடைசியில் புத்தி வந்துவிட்டது. "அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னாமே? டிசைன் எதாவது எடுத்துக்கினியா? வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?"

"டிசைனுக்கு இல்லீங்க. அராவறதுக்கு."

"எதுக்கு?"

"அராவறதுக்கு ஆள் இல்லன்னாரில்ல. லெட்டர் போட்டேன். வரச் சொல்லிட்டாரு."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார். வழியெல்லாம் அவர்தான் பேசினார். வீட்டில் உட்கார்ந்து ராணி மாதிரி செய்ய வேண்டியவள், தன் மாலையையே அச்சில் போட்டு ஆயிரக்கணக்கில் அடித்துக் கொட்டுகிற இடத்துக்குப் போய், மற்றப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து, ஒரே காயின் ஓரத்தை நாளெல்லாம் தேய்க்கப் போகிறாளா? டிசைனுக்குக் கொடுக்கிற சம்பளத்தில் கால்வாசிகூட வராது. தினம் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். இது வீம்பா? எனக்குத் தண்டனையா? இல்லை, உனக்கே தண்டனையா? எதற்காவது ஒன்றுக்கு ஆமாம் என்றாவது சொல்லு.

அவள் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் நடந்தாள். நடுவில் ஒருமுறை, "அடுப்பு மேல பால் வெச்சிருக்கேன், போனதும் எறக்கிடுங்க" என்றாள்.

ஒன்பது வருஷம் அவள் அந்த வேலைக்குப் போனாள். ஆசீர் அந்த ஒன்பது வருஷமும் கேட்டார். அதற்குப் பிறகும் கேட்டார்.

அன்று திருப்பதி பஸ் வந்ததும் லீனா முன்வாசலில் ஏறி, சன்னலோரமாக உட்கார்ந்து, டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். ஆசீர் சன்னல் கம்பியைப் பிடித்தபடி கீழே நின்றார்.

"ஏன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ லீனா."

கண்டக்டர் வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"திருப்பதி, ஒண்ணு" என்றாள்.